பழைய பாட்டும் முதியோர் ஏக்கமும்

முதியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் சற்று நேரம் அமர்ந்து செவிசாய்த்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் வந்து சேரும் துறைகள் சிலவே என்பது விளங்கும். விலைவாசி ஒன்று, உடல் உபாதை மற்றொன்று, பிள்ளைகளின் போக்கு இன்னொன்று. இவற்றைப் பேசும்போதெல்லாம் குரலில் ஒரு சலிப்பு இருக்கும். சலிப்பு நீங்கிக் கனிவு தோன்றப் பேசும் பொருள் ஒன்று உண்டென்றால், அது பழைய பாட்டும் அந்தப் பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்த வானொலிப் பெட்டியுமாகவே பெரும்பாலும் இருக்கும்.

"அந்தக் காலத்துப் பாட்டைப் போல வருமா?" என்று பெரியவர் ஒருவர் கேட்கும்போது, அது விடையை எதிர்பார்த்துக் கேட்கப்படும் கேள்வி அன்று. இளையவர்கள் புன்னகையோடு நகர்ந்துவிடுவார்கள். மார்க்கப் பற்று மிகுந்த மகன் முகம் சுளிப்பதும் உண்டு. தொழுகைக்கும் திக்ருக்கும் உரிய வயதில் சினிமாப் பாட்டா என்பது அவனுடைய வருத்தம். இந்த ஏக்கம் வெறும் முதுமைப் பலவீனந்தானா, கண்டிக்கத்தக்க ஒரு குற்றமா, அல்லது இதற்கென்று ஒரு நியாயம் இருந்து அந்த நியாயத்துக்கென்று ஒரு கடமையும் இருக்கிறதா என்பதை ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலை ஆகாது. முதியவர் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. இன்றைய இளையவர்களும் நாளை அந்த நாற்காலியில் அமரப்போகிறவர்களே.

சென்னையின் மேற்கே உள்ள மாங்காட்டை எடுத்துக்கொள்வோம். காமாட்சியம்மன் கோயிலால் நாடறிந்த ஊர் அது. மாமரக் காடாக இருந்ததால் பெற்ற பெயர் என்பர். ஒரு பக்கம் குன்றத்தூர், ஒரு பக்கம் பூவிருந்தவல்லி, ஒரு பக்கம் போரூர் என்று நடுவே அமைந்த இந்தச் சிற்றூர், வயலும் தோப்புமாக இருந்த நிலை மாறி, அடுக்குமாடிகள் நெருங்கி, 2021இல் நகராட்சியாகவே உயர்ந்துவிட்டது. பட்டூர் போன்ற இதன் பகுதிகளில் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் முதியவர்களிடம் பேசிப் பார்த்தால், வானொலியைப் பற்றிய நினைவு ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வெளிப்படும். தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தது. மர்பியோ பிலிப்ஸோ புஷ்ஷோ, அதன் பெயரைச் சொல்லியே அந்த வீட்டை அடையாளம் காட்டினார்கள். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களுக்கிடையே செப்புக் கம்பி வலையால் ஏரியல் கட்டியிருக்கும். விசையைத் திருப்பியவுடன் அது பேசாது. உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிட மௌனத்தைக்கூட நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பின்னர் 1960களில் டிரான்சிஸ்டர் பரவியது. பெட்டி கூடத்தை விட்டுத் திண்ணைக்கும் வயல் வரப்புக்கும் வந்தது. தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் பாடவைத்த சிக்கனத்தை அறியாத குடும்பம் அந்நாளில் இல்லை. பெட்டிக்கு உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, கையடக்கப் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 1980களின் நடுவில் அந்த முறை ஒழிந்தது.

சென்னைக்கு வானொலி புதியதன்று. இந்நாட்டில் ஒலிபரப்பின் தொடக்க முயற்சிகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. பணமுடையால் அது 1927இல் நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. பெட்டி வாங்க வசதியற்ற பொதுமக்களும் கேட்கும்படி மெரினாக் கடற்கரை போன்ற இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. மறு ஆண்டே திருச்சி நிலையம் வந்தது. பிற்காலத்தில் சென்னை நிலையத்தின் ஒலிபரப்பிக் கோபுரங்கள் ஆவடியில் எழுந்தன. ஆகவே மாங்காட்டுக்காரருக்குச் சென்னை வானொலி என்பது அடுத்த ஊரிலிருந்து வரும் ஒலியாகவே இருந்தது. பெட்டியை எப்படி வைத்தாலும் தெளிவாகக் கேட்கும்.

ஆயினும் முதியவர்களின் நினைவில் மேலோங்கி நிற்பது அருகிலிருந்து வந்த அந்தத் தெளிவான ஒலி அன்று. கடலுக்கு அப்பாலிருந்து ஏறியும் இறங்கியும், சில வேளை முற்றிலும் மறைந்தும் வந்த இலங்கை வானொலிதான். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1952 முதல் 1962 வரை மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல் ஏறக்குறைய விலக்கப்பட்டது. மக்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அவர் எண்ணினார். அவர்களோ பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். உலகப் போரின்போது படையினருக்காக இலங்கையில் திட்டமிட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் அந்நாட்டு அரசின் கைக்கு வந்திருந்தது. 1950இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரலுக்குத் தமிழ்நாடே செவிகொடுத்தது. வீட்டில் உருது பேசும் நம் சகோதரர்கள், அதே நிலையத்திலிருந்து புதன்கிழமை இரவுகளில் வந்த அமீன் சயானியின் பினாகா கீத்மாலாவுக்காகக் காத்திருந்தார்கள். 1952இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. சயானி 2024இல் தம் 91ஆம் வயதில் காலமானார். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி டில்லி தன் முடிவை மாற்றிக்கொண்டது. ரசனையை ஆணையிட்டுத் திருத்த முயன்ற ஓர் அமைச்சர், தம் நாட்டு மக்களை அயல்நாட்டு நிலையத்துக்கு ஐந்தாண்டுகள் அனுப்பிவைத்ததுதான் கண்ட பலன்.

கொழும்பு நிலையத்தில் நம் சமூகத்தைச் சேர்ந்த பி.எச். அப்துல் ஹமீதின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டு, "இவ்வளவு செம்மையான தமிழா!" என்று பிற சமயத்தவரும் வியந்த காலம் ஒன்றிருந்தது. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை அவர் பிற்காலத்தில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் நடத்தினார். திரைப்பாடல் எழுதியவர்களிலும் நம்மவர் உண்டு. கவி கா.மு. ஷெரீப் சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர்; 1950களின் திரைப்பாடல்களில் அவருடைய தமிழைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அதை யார் எழுதினார் என்று பெரும்பாலும் அறியாமலே முணுமுணுத்தார்கள்.

இத்தனையும் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பது கவனிக்க வேண்டிய செய்தி. மாங்காட்டுப் பெரியவர் ஒருவர் 1950களின் பாட்டொன்றின் முதல் அடியை முனகுகிறார். பேரன் கைப்பேசியில் இரண்டு நொடியில் அதைத் தேடி எடுத்து, "தாதா, இதோ உங்கள் பாட்டு" என்று நீட்டுகிறான். பெரியவரும் மகிழ்ந்து கேட்கிறார். பல்லவி முடிந்து முதல் சரணம் வருவதற்குள், "போதும், நிறுத்தப்பா" என்று சொல்லிவிடுகிறார். பேரனுக்கு ஒன்றும் புரிவதில்லை. கேட்டதைத்தானே கொடுத்தோம் என்று நினைக்கிறான்.

அவன் கொடுத்தது பாட்டை மட்டுமே. பெரியவரின் ஏக்கம் பாட்டின் மேல் மட்டும் இருந்திருந்தால், அது அந்த நிமிடமே தீர்ந்திருக்க வேண்டும். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, பெயர் வாசிக்கப்படுமா என்று வாரக்கணக்கில் காத்திருந்தது அந்தப் பாட்டோடு சேர்ந்தது. பாட்டு எப்போது வரும் என்பது தம் கையில் இல்லாததால், வந்தபோது அது கொடையாக வந்தது. ஒரே பெட்டியைச் சுற்றிப் பதினைந்து பேர் அமர்ந்திருந்ததும், சிற்றலை மங்கி மறைந்தபோது அத்தனை பேரும் சேர்ந்து "அடடா" என்றதும் அதோடு சேர்ந்தவை. அந்தப் பதினைந்து பேரில் இன்று மிஞ்சியிருப்பவர் மூவரோ நால்வரோதான். கைப்பேசி இவற்றைத் தேடித் தராது.

இங்கே மார்க்கப் பற்றுடைய மகனின் வாதத்தைத் தட்டிக்கழிக்காமல் கேட்க வேண்டும். இசையும் இசைக்கருவியும் குறித்து நம் அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைப்பது நம் தகுதிக்கும் இக்கட்டுரைக்கும் அப்பாற்பட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் செவியுறுதல் பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். பாட்டு உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புகுத்துவதில்லை, ஏற்கெனவே இருப்பதையே கிளறுகிறது என்பது அங்கே அவர்கள் எடுத்துக்கொள்ளும் நிலை. ஆகவே கேட்பவனின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே தீர்ப்பு வேறுபடும் என்கிறார்கள். இதைக் கேட்டு முதியவர்கள் மகிழ்ந்துவிட முடியாது. அதே பகுதியில் துயரத்தை இரண்டாகப் பிரித்து, கடந்துபோனதை எண்ணி வருந்துவதைப் பழிக்கத்தக்க துயரத்தின் பக்கம் வைத்திருக்கிறார்கள். கைநழுவிப் போனதற்காகக் கவலையில் மூழ்க வேண்டாம் என்பது திருக்குர்ஆன் தரும் அறிவுரை. காலத்தைத் திட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே. "காலம் கெட்டுவிட்டது" என்று நாள் முழுதும் முணுமுணுக்கும் முதியவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் ஏக்கம் முழுவதும் விலக்கப்பட்டதா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சி இங்கே வழிகாட்டும். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களும் ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் சற்றுத் தணிந்தபோதெல்லாம் பிலால் (ரலி) குரலெடுத்துக் கவிதை சொன்னார்கள். மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புல்லின் பெயரையும் நீர்நிலையின் பெயரையும் மலைகளின் பெயரையும் சொல்லி, இனியொரு முறை காண்போமா என்று ஏங்கும் கவிதை. அந்த மக்காதான் அவர்களைச் சுடுமணலில் கிடத்தி, மார்பில் பாறையை ஏற்றிய ஊர்! துன்பம் கொடுத்த ஊரின் புல்லுக்காகவும் நெஞ்சு ஏங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதனைக் கேள்வியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள் பிலாலைக் கண்டித்ததாக அறிவிப்பில் இல்லை. மாறாக, இறைவனிடம் துஆ செய்தார்கள். மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்கு உவப்பாக்கித் தா என்றும், இவ்வூரின் காற்றைச் சீராக்கு என்றும், இதன் அளவைப் படிகளில் பரக்கத் செய் என்றும், காய்ச்சலை அகற்று என்றும் அந்த வேண்டுதல் அமைந்தது. ஏங்குகிறவனின் ஏக்கம் பறிக்கப்படவில்லை. அவன் இப்போது இருக்கும் ஊர் வாழத் தகுந்ததாக ஆக்கப்பட வேண்டும் என்பதே கேட்கப்பட்டது. நம் வீட்டு முதியவர் பழங்காலத்தில் போய்க் குடியிருக்கிறார் என்றால், இக்காலத்தில் அவருக்கு இருப்பிடம் சரியாக அமையவில்லை என்று பொருள் கொள்ளலாம். அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், பேச ஆளில்லாத பகல் பொழுதில், அவருடைய மதீனாவின் காற்று எப்படியிருக்கிறது என்று மகன் ஒருமுறை பார்க்கட்டும். பாட்டைப் பற்றிய தீர்ப்பை அதன் பிறகு சொல்லட்டும்.

மேற்குலகில் இந்த ஏக்கத்துக்கு முதன்முதலில் பெயரிட்டவர் ஒரு மருத்துவ மாணவர். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்பவர், அயல்நாட்டில் இருக்கும்போது ஊர் நினைவால் உடல் மெலிந்து நோயுறுவதை ஒரு பிணியாகவே விளக்கி ஆய்வேடு எழுதினார். மலைநாட்டு மாட்டிடையரின் மெட்டைக் கேட்டால் சுவிஸ் படைவீரர்களுக்கு அந்நோய் மூண்டுவிடும் என்று பின்வந்தவர்கள் எழுதிவைத்தார்கள். பாட்டுக்கும் ஏக்கத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. ஊரை விட்டு வந்தவனுக்குத் திரும்பிப் போகும் வழி ஒன்று உண்டு. காலத்தை விட்டு வந்தவனுக்கு அது இல்லை என்பதே முதியவரின் நிலை.

ஏக்கத்துக்கு நியாயம் உண்டு என்று ஏற்றுக்கொண்டால், அடுத்து அதன் கடமையைப் பேச வேண்டும். "அந்தக் காலம் நல்ல காலம்" என்று கூறும் முதியவர் சாட்சி சொல்கிறார். அக்காலத்தைப் பார்த்தவர் அவர். கேட்கும் பேரன் பார்க்காதவன். சாட்சியத்துக்கு நம் மார்க்கத்தில் கடுமையான நிபந்தனை உண்டு. தனக்கே பாதகமாயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். தெரிந்ததை மறைக்கக் கூடாது. இந்த உரைகல்லில் வானொலி நினைவுகளை உரசிப் பார்த்தால், பொன்னும் தெரியும், செம்பும் தெரியும்.

மாங்காட்டுப் பக்கத்து மூதாட்டி ஒருவர் கூறக் கேட்டிருக்கிறோம். இளம் மருமகளாக அவர் வந்த வீட்டில் வானொலி இருந்தது. ஆனால் அதன் திருகு மாமனாருடையது. பகலில் ஆண்கள் வெளியே சென்றபின், அடுப்படிக்குக் கேட்கும் அளவுக்கு மெல்ல வைத்துக் கேட்பாராம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். அதனால் அவருக்குத் தெரிந்த பாட்டுகள் பலவும் பாதிப் பாட்டுகளே. எழுபது வயதைக் கடந்த பின்பு, பேத்தி கைப்பேசியில் போட்டுக் காட்டியபோதுதான் தமக்குப் பிடித்த பாட்டொன்றின் கடைசிச் சரணத்தை அவர் முதன்முறையாகக் கேட்டார். "இப்படியா முடிகிறது!" என்று வியந்தாராம். அதே தெருவில், அதே ஆண்டுகளில், அதே பாட்டைத் திண்ணையில் உட்கார்ந்து முழுதாகக் கேட்ட ஆண்கள் அக்காலத்தைப் பொற்காலம் என்கிறார்கள். அந்த மூதாட்டியிடம் எந்தக் காலம் நல்லது என்று கேட்டால், அவர் பேத்தியின் முகத்தைப் பார்க்கிறார்.

இன்னொன்று, ஒலிபெருக்கியைப் பற்றியது. ஆடி மாதம் முழுதும் கோயில் பக்கத்துக் குழாய் ஒலிபெருக்கிகளில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் முழங்கும். (அந்த அம்மையார் பிறப்பால் கிறிஸ்தவர் என்பது பலருக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.) நம் வீட்டுத் திருமணங்களில் மைக் செட்டுக்காரர் நாகூர் ஈ.எம். ஹனீபாவின் இசைத்தட்டுகளை வைப்பார். அந்தக் கணீரென்ற குரல் ஊரெல்லையைக் கடந்து போகும். பாங்கு சொல்லும் நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்திவைத்த நல்ல உள்ளங்களை முதியவர்கள் நன்றியோடு சொல்கிறார்கள். அது உண்மை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்றைய சூழ்நிலையில் உரத்தும் சொல்ல வேண்டும். ஆனால் அதனைத் தொடர்ந்து, "அக்காலத்தில் யாருக்கும் யாராலும் தொல்லையே இல்லை" என்று சொல்லும்போது சாட்சியம் வழுக்கிவிடுகிறது. தேர்வுக்குப் படித்த பிள்ளையும், காய்ச்சலில் கிடந்த நோயாளியும், பச்சிளங்குழந்தையைத் தூங்கவைக்க முயன்ற தாயும் இரு தரப்பு ஒலிபெருக்கியையும் சமமாகவே சபித்திருப்பார்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்னும் விதி 2000ஆம் ஆண்டில்தான் வந்தது.

சாட்சியத்தில் நாம் காணும் பெரிய விடுபாடு இவை இரண்டும் அல்ல. இலங்கை வானொலி நினைவைப் பற்றியதே அது. தமிழ்நாட்டு முதியவர்கள் அந்நிலையத்தின் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பேச்சையும் நடித்துக் காட்டுவார்கள். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்ட ஊர்ப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, காத்தான்குடி என்று நேரில் காணாத ஊர்கள் அவர்களுக்கு உறவினர் ஊரைப் போல் ஆகிவிட்டன. அந்த ஊர்களுக்குப் பின்னர் நேர்ந்தது அந்நினைவில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்டு, வீடும் கடையும் எரிக்கப்பட்டன. மின்னலாய்ப் பேசும் திறமையால் இளைஞர்களைக் கவர்ந்த அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா அந்தக் கொடிய ஆண்டுகளில் கொல்லப்பட்டார். 1990 அக்டோபர் இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஆணையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த ஆணை தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூடும்படி சொன்னார்கள். இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. நகையும் பணமும் பறிக்கப்பட, சில நூறு ரூபாயோடு அவர்கள் நடந்தார்கள். வடக்கு முழுவதிலும் 70,000க்கு மேற்பட்டோர் இவ்விதம் பிறந்த ஊரை இழந்தார்கள். பெரும்பாலானோர் புத்தளம் பகுதியின் அகதி முகாம்களில் ஒதுங்கி, அங்கேயே ஒரு தலைமுறையை வளர்த்தார்கள்.

நேயர் விருப்பத்தில் பெயர் வாசிக்கப்பட்ட மன்னார்ச் சிறுமியும் மாங்காட்டுச் சிறுவனும் ஒரு மாலையில் ஒரே பாட்டைக் கேட்டிருக்கக் கூடும். அவனுக்கு இன்று எண்பது வயது நெருங்குகிறது. அந்தப் பாட்டு அவனுக்கு இளமையின் இனிமை. அவளுக்கு அது விட்டுவந்த வீட்டின் கூடத்தில் இருந்த பெட்டி. ஒரே பாட்டுத்தான். மாங்காட்டுக்காரர் தம் ஏக்கத்தைச் சொல்லும்போது அவளுடைய ஏக்கத்தையும் சேர்த்துச் சொன்னால், பேரனுக்குக் கிடைப்பது பாட்டு மட்டுமன்று, சரித்திரமும் ஆகும். சேர்த்துச் சொல்லாவிட்டால், நாம் குரலை நேசித்தோம், பேசியவர்களையும் உடன் கேட்டவர்களையும் நேசிக்கவில்லை என்றாகிவிடும். இதனைச் சற்றுக் கடுமையாகவே சொல்லத் தோன்றுகிறது. இனிமையான நினைவுக்காக உண்மையைச் சுருக்கும் பழக்கம் முதுமையில் எளிதில் வந்துவிடுகிறது.

பழைய குரல் ஒன்று உள்ளத்தைக் கலக்குவது பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே இன்னொரு செய்தி உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல கழிந்தபின், அவர்களுடைய சகோதரி ஹாலா மதீனாவில் வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார். அனுமதி கேட்ட விதத்தில் கதீஜாவின் சாயல் இருந்தது. அதைக் கேட்ட மாத்திரத்தில் பெருமானார் நெகிழ்ந்துபோனார்கள். ஒரு குரல், வாசற்படியில் கேட்ட ஒரு சொல், கடந்துபோன காலம் முழுவதையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. உணர்ச்சியோடு அது முடிந்துவிடவும் இல்லை. வீட்டில் ஆடு அறுத்தால் இறைச்சியைப் பங்கிட்டு, கதீஜாவின் தோழியரைத் தேடி அனுப்பிவைப்பது பெருமானாரின் வழக்கமாக இருந்தது. மறைந்தவரின் நினைவுக்கு உரியதை, அந்நாளை அவரோடு பகிர்ந்த உயிருள்ளோரிடம் சேர்த்தார்கள்.

தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலத்தில் அந்தப் பெட்டிக்காரர் வீட்டுக் கூடம் எல்லோருக்கும் திறந்திருந்தது. அந்த வீட்டு அம்மாள் பதினைந்து பேருக்கும் தேநீர் கொடுத்து, அவர்கள் போனபின் கூடத்தைப் பெருக்கினார். பாட்டில் ஒரு வரியும் அவர் முழுதாகக் கேட்டிருக்க மாட்டார். அவரோ, அவருடைய மக்களோ இன்றும் அதே பகுதியில் எங்கோ ஓர் அடுக்குமாடியில் இருக்கக் கூடும். அஸர் தொழுது பள்ளிவாசல் திண்ணையில் பழைய பாட்டைப் பேசி உருகும் பெரியவர்கள் நால்வர் அங்கே போய்வர ஒரு ஆட்டோ போதும். பேரன் கைப்பேசியோடு உடன் வரட்டும். அங்கே அந்தப் பாட்டைப் போட்டால், முதல் சரணத்தில் நிறுத்தச் சொல்வார்களா என்று பார்க்கலாம்.